இருபத்தொரு வயதுக்குள்

பண்ருட்டி என்றதும் பலாப்பழமும் முந்திரிப் பருப்பும் நினைவுக்கு வராத தமிழர் அரிது. சைவ இலக்கியம் பயின்றவர்களுக்குக் கெடிலக் கரையும் திருவதிகையும் நினைவுக்கு வரக்கூடும். ஹாக்கி நினைவுக்கு வருபவர்கள் எங்களைத் தவிர வேறு யாருமில்லை. நாங்களும் பதினொருவர்தாம். அவர்களில் இருவர் காலமாகிவிட்டனர், ஒருவர் கனடாவில் இருக்கிறார், எஞ்சிய எட்டுப் பேரில் ஆறு பேர் 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி அதிகாலையில் பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் சென்னைக்குச் செல்லக் கூடினோம். ஐம்பதைக் கடந்த ஆறு ஆண்கள் வேலை நாளொன்றில் ஒன்றாகப் புறப்பட்டால் ஊரில் கேள்வி எழத்தான் செய்யும். துக்கமா என்று கேட்டார் தேநீர்க் கடைக்காரர். மேட்ச் என்றோம். கிரிக்கெட்டா என்றார். இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அன்று மாலை இளையோர் உலகக் கோப்பையின் வெண்கலப் பதக்கத்துக்காக இந்தியாவும் அர்ஜென்டினாவும் மோதவிருந்தன. இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களின் போட்டி. இதற்காக நூற்றெண்பது கிலோமீட்டர் பயணம் செய்வதற்கு எங்களுக்கிருந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், நாற்பது ஆண்டுகள் பின்னால் சென்றாக வேண்டும்.

கடலூர் மாவட்டம் தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். 1984இல் எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மாற்றலாகி வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கத்து மனிதர்களைவிட வேகமாகப் பேசுவார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, கோணிச் சாக்கில் கட்டிய பதினான்கு பழைய ஹாக்கி மட்டைகள், இவ்வளவுதான் அவருடன் பேருந்திலிருந்து இறங்கியவை. அதுவரை எங்களுக்குத் தெரிந்த ஆட்டங்கள் சடுகுடுவும் கில்லியும் பூப்பந்தும். ஹாக்கி என்ற சொல்லை நாளிதழில் பார்த்திருந்தோம், அதுவும் தினத்தந்தியில் 'ஆக்கி' என்றுதான். ஆக்கிப் போடுவது எங்கள் வழக்கில் சமைத்துப் போடுவது என்பதால் வகுப்பில் அந்தச் சொல்லுக்குச் சிரித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தமிழாசிரியர் அதற்கு வளைகோற் பந்தாட்டம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். அழகான சொல். நாங்கள் ஒருவரும் பயன்படுத்தவில்லை.

பதினான்கு மட்டைகளில் ஐந்து முதல் மாதத்திலேயே பிளந்தன. இந்தியாவில் ஹாக்கி மட்டை என்றால் ஜலந்தரிலும் மீரட்டிலும் முசுக்கொட்டை மரத்தில் செய்வார்கள் என்று சார் சொன்னார். முசுக்கொட்டைக்கு நாங்கள் எங்கே போவது? எங்களிடம் இருந்தது முந்திரி. பணிக்கன்குப்பத்திலும் காடாம்புலியூரிலும் செம்மண் மேட்டில் தரையோடு தவழ்ந்து கிடக்கும் முந்திரி மரங்களில் வளைந்த கிளைக்குப் பஞ்சமில்லை. இயற்கையே ஹாக்கி மட்டையாக வளைத்து வைத்திருக்கிறதோ என்று தோன்றும்படியான கிளைகளை வெட்டி, நிழலில் உலர்த்தி, ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கி எடுத்துவந்தோம். வளைவு சரியாகவே இருந்தது, வலுதான் இல்லை. கார்க் பந்தில் ஓங்கி ஓர் அடி, மட்டை இரண்டு. பிறகு பயிற்சிக்கு முந்திரி, போட்டிக்கு முசுக்கொட்டை என்று ஒரு சட்டம் வந்தது.

இந்த ஆட்டத்தின் விதி ஒன்று எங்களுக்கு விந்தையாக இருந்தது. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், இடக்கைப் பழக்கமுள்ளவனுக்கென்று தனி மட்டை கிடையாது. எங்களில் இருவர் இடக்கைக்காரர்கள். உலகம் முழுவதும் இப்படித்தானா என்று ஒருவன் சாரிடம் கேட்டான். உலகம் முழுவதும் இப்படித்தான், பழகிக்கொள் என்றார். அவன் பழகிக்கொண்டான். சாப்பிடுவதும் எழுதுவதும் இன்றும் இடக்கையால்தான்.

கோல் காவலுக்குச் சார் தேர்ந்தெடுத்தவன் எங்களில் மிக ஒல்லியானவன். இங்கே அவனைக் கீப்பர் என்றே குறிப்பிடுகிறோம். ஊரிலும் அவனுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது, அவன் மனைவிகூட யாரிடமாவது பேசும்போது கீப்பர் வீடு என்றே சொல்கிறார். அவனுடைய தாயார் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவர். விடுமுறை நாட்களில் அவனும் கூடப் போவான். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலில் பட்டால் பொத்துவிடும், கறுத்துப் போய்ப் பின்பு உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் முழுவதும் தப்ப முடியாது. பள்ளிக்கு வரும்போது அவன் விரல் நுனிகள் பாம்புச் சட்டைபோல உரிந்துகொண்டிருக்கும். மட்டையைப் பிடிப்பதே எரியும் அந்தக் கைகளுக்கு, பழைய கோணியில் தென்னை நாரைத் திணித்துத் தைத்த கால் தடுப்புகளைச் சார் கட்டிவிட்டார். அவனுடைய பலம் கையின் நீளம். நின்ற இடத்தில் நின்று கையை விரித்தால் கோல் கம்பத்துக்குக் கம்பம் தொட்டுவிடுவான் என்று எதிரணியினரிடம் பொய் சொல்லி வைப்போம்.

அந்தக் கையின் நீளம்தான் அவனுக்கு வினையாகவும் முடிந்தது.

இன்றைய இளம் வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். கிராமங்களில் அக்காலத்தில் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றை யாரும் வைத்திருந்ததில்லை. ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வார் ஆசிரியர். எட்டினால் வயது ஐந்து. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வா. எட்டிய பிள்ளைக்கு ஐந்து வயது கணக்காகும்படி ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்திருப்பதன் இரகசியம் இதுதான். நான்கு வயது நிறைந்த சில மாதங்களிலேயே கீப்பரின் கை காதை எட்டிவிட்டது. ஏட்டில் அவனுக்கு ஐந்து வயதாகிவிட்டது. பின்பு ஐந்தாம் வகுப்பில், ஏப்ரல் மாதம் முழுவதும் முந்திரி பொறுக்கப் போய் ஆண்டுத் தேர்வு எழுதாததால், ஒரு வருடம் அதே வகுப்பில் தங்கினான். ஆக, உண்மையில் எங்கள் வயதுதான் அவனுக்கு, காகிதத்தில் ஓராண்டு கூடுதல்.

1986இல் கடலூரில் நடந்த மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் ஜூனியர் பிரிவின் இறுதி ஆட்டம் வரை வந்தோம். ஜூனியர் என்றால் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள். மூன்று ஆட்டங்களில் எங்கள் கோலுக்குள் ஒரே ஒரு பந்துதான் போயிருந்தது. இறுதி ஆட்டத்தின் காலையில் எதிரணிப் பள்ளியின் சார்பில் ஓர் எழுத்துமூலப் புகார் வந்தது. சான்றுகளைப் புரட்டினார்கள். கீப்பருக்குப் பதினான்கு முடிந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. சார் நெடுநேரம் வாதாடினார். காதைத் தொட்ட கதையையும் சொன்னார். அதிகாரியாக அமர்ந்திருந்தவர் சிரித்துவிட்டார், அவருடைய பிறந்த தேதியும் ஜூன் மாதத்தில்தான் என்று அவரே சொன்னார். ஆனாலும் காகிதம் காகிதம்தான். பலா மண்டிக்காரர் வீட்டுப் பையன் கால் தடுப்புகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றான். நான்கு கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. கீப்பர் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து கடைசிவரை பார்த்தான். திரும்பும் பேருந்தில் அவன் எங்களோடு உட்காரவில்லை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மேல் உட்கார்ந்து வந்தான்.

மறு ஆண்டு சார் சொந்தப் பக்கத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எஞ்சிய மட்டைகள் பள்ளியின் சாமான் அறையில் கரையான் அரித்து முடிந்தன. கீப்பர் ஒன்பதாம் வகுப்போடு நின்றான். பண்ருட்டியில் ஹாக்கி இருந்தது மூன்று ஆண்டுகள்.

கோவில்பட்டிக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது 2019இல், சார் இறந்த செய்தி கேட்டு. இலக்கிய வாசகர்களுக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் இடைசெவல் கி.ரா.வும் பூமணியும் தேவதச்சனும் கோணங்கியும் நினைவுக்கு வருவார்கள். சிறிய கரிசல் நகரத்தில் எப்படி இத்தனை எழுத்தாளர்கள் என்று வியந்து எழுதப்பட்ட கட்டுரைகளை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். அதே ஊரில் எப்படி இத்தனை ஹாக்கிக்காரர்கள் என்று வியந்து எழுதிய கட்டுரை எங்கள் கண்ணில் பட்டதில்லை. துக்க வீட்டுக்குப் போகும் வழியில் தீப்பெட்டி ஆலையொன்றின் சுவரோரமாக நான்கு சிறுவர்கள் மிதிவண்டியின் பின்னால் மட்டைகளைச் செருகிக்கொண்டு போனதைக் கண்டோம். நாங்கள் ஆறு பேரும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தோம். அந்தப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஒரு ஆட்டம் ஒரு ஊரில் எப்படிக் குடியேறுகிறது, இன்னொரு ஊரில் ஏன் மூன்று ஆண்டுகளில் செத்துப்போகிறது என்பதைப் பற்றி அன்றிரவு திரும்பும் வழியெல்லாம் பேசினோம். மண் காரணமென்று ஒருவன் சொன்னான். கரிசல் கோடையில் இறுகிச் சிமெண்டுத் தரையாகும், பந்து உருளும், எங்கள் செம்மண்ணில் பந்து தத்தும். எங்களுக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது, ரயில்வேயும் வங்கிகளும் இராணுவமும் அணிகளை அனுப்புகின்றன. இன்று பந்து பொறுக்கும் பையனுக்கு, மட்டையைப் பிடித்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்பதைக் கண்ணால் காட்டும் ஆட்கள் ஆண்டுதோறும் அவன் ஊருக்கே வருகிறார்கள். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் அங்கே இருக்கிறது. இந்த மண்ணிலிருந்து வந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அரியலூர் எங்களுக்கு அத்தனை தூரமில்லை. பண்ருட்டியில் பிறந்திருந்தாலும் அவர் கோவில்பட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

கனடாவுக்குப் போன நண்பனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டொரோண்டோவில் ஹாக்கி என்றால் பனியின் மேல் ஆடுவது, நம்முடைய ஆட்டத்துக்குத்தான் அங்கே முன்னொட்டு வேண்டும், புல்வெளி ஹாக்கி என்று. அவன் மகன் ஆறு வயதில் சறுக்குக் காலணி கட்டிக்கொண்டான். 2018 ஏப்ரலில் ஒரு நாள் அவன் தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேச முடியாமல் இருந்தான். சஸ்காட்சவன் மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற சிற்றூரின் இளையோர் பனி ஹாக்கி அணியை, ஹம்போல்ட் பிராங்கோஸ் என்பது அதன் பெயர், ஆட்டத்துக்கு ஏற்றிச் சென்ற பேருந்து ஒரு லாரியில் மோதிப் பதினாறு பேர் மாண்டுபோனார்கள், பதின்மூன்று பேர் காயமுற்றார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி. நாடு முழுவதும் வீட்டு வாசல்களில் ஹாக்கி மட்டையைச் சார்த்தி வைத்தார்கள், எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம் என்பதுபோல. நம் நண்பனும் வைத்தான். மகனுடைய மட்டையையா என்று கேட்டோம். இல்லை, சார் கொடுத்த முசுக்கொட்டை மட்டையை என்றான். அதை அவன் அவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அந்த அணி அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் ஆடுகளத்தில் இறங்கியது, பெரும்பாலும் புதிய பையன்களுடன். இளையோர் அணிகளின் இயல்பே இதுதான் என்று அப்போது தோன்றியது. விபத்து நேராவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த அணியில் பழையவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சட்டையும் பெயரும் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்திய இளையோர் அணியின் வரலாற்றையும் நாங்கள் இந்தக் கண்ணோடுதான் படித்துவந்திருக்கிறோம். இளையோர் உலகக் கோப்பை 1979இல் பிரான்சின் வெர்சாயில் தொடங்கியது, பாகிஸ்தான் வென்றது. அடுத்த நான்கு கோப்பைகளும் ஜெர்மானியருக்கு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்த பிறகு நம் ஹாக்கிக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். 1980 மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் கிடைத்த தங்கத்துக்குப் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. அந்த இருண்ட காலத்தில் இளையோர் அணி மட்டும் அவ்வப்போது ஒரு விளக்கை ஏற்றிக் காட்டியது. 1997இல் மில்டன் கீன்ஸில் இறுதி ஆட்டம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் 3-2 என்று தோற்றது. 2001இல் ஹோபார்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கிக் கோப்பையை வென்றது. ககன் அஜித் சிங் தலைவர், தீபக் தாக்கூர், பிரப்ஜோத் சிங், ஜுக்ராஜ் சிங் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று இரண்டாம் முறை.

இடையில் 2009இல் ஒன்பதாமிடம், 2013இல் டெல்லியில் சொந்த மண்ணில் பத்தாமிடம். 2021லும் 2023லும் நான்காமிடம்.

பட்டியலைவிட எங்களைப் பிடித்துக்கொண்டவை வேறு. 1997 போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராஜீவ் மிஸ்ரா, அடுத்த தன்ராஜ் என்று பேசப்பட்டவர், முழங்கால் காயத்தால் மேலே வரவே இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து, 2023இல் வாரணாசியில் தனியாக இறந்துகிடந்தார். ஹோபார்ட் அணியின் ஜுக்ராஜ் சிங், பெனால்டி கார்னரில் உலகமே அஞ்சத் தொடங்கிய நேரத்தில், 2003இல் கார் விபத்தில் சிக்கினார், ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. லக்னோவில் கோப்பையை உயர்த்திப் பிடித்த தலைவர் ஹர்ஜீத் சிங், லாரி ஓட்டுநரின் மகன், அவர் வாழ்க்கையைத் திரைப்படமாகவே எடுத்தார்கள். அவருக்குக் கீழே ஆடிய ஹர்மன்பிரீத் சிங்கும் குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் டோக்கியோவில் அந்த நாற்பத்தொரு ஆண்டு வறட்சியைத் தீர்த்தபோது அவர் அணியில் இல்லை. இவர்களையெல்லாம் தோற்றவர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டு இருந்திருக்கிறது. காலண்டர் அதைக் கிழித்துவிட்டது.

2025 கோப்பை சென்னையிலும் மதுரையிலும் என்று அறிவித்ததும் கீப்பர்தான் முதலில் அழைத்தான். போகலாமா என்று அவன் கேட்டதே எங்களுக்கு வியப்பு. கடலூர் ஆட்டத்துக்குப் பிறகு அவன் ஹாக்கி என்ற சொல்லை எங்கள் முன்னால் எடுத்ததில்லை. இடையில் அவனுக்கு ஆயிரம் வேலை. சொந்தமாக முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, அவன் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பும் ஒரே காலைப்பொழுதில் விறகாயிற்று. நாங்கள் மட்டை வெட்டிய மரங்களும் அதில் அடக்கம். மறுபடி நட்டான். இப்போது காய்க்கிறது.

ஏன் திடீரென்று ஹாக்கி என்று கேட்டோம்.

"ஸ்ரீஜேஷைப் பாக்கணும்டா" என்றான்.

இந்திய இளையோர் அணிக்கு அப்போது பயிற்சியாளர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்ற அணிகளின் கோல் காவலர், 2024 பாரிஸோடு ஓய்வு பெற்றவர். இளம் வயதில் கோல் காவலருக்கான கால் தடுப்புகள் வாங்கத் தம் தந்தை பசுவை விற்றார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கீப்பர் எங்கோ கேட்டிருக்கிறான். "எங்க அம்மாவுக்கு விக்கறதுக்கு மாடு கூட இல்ல. சார் சாக்கில தச்சுக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினான்.

அனுமதி இலவசம். முதன்முறையாக இருபத்து நான்கு நாடுகள் கலந்துகொண்ட போட்டி அது. பாகிஸ்தான் விலகியதால் ஓமன் வந்திருந்தது, அதை இந்தியா 17-0 என்று வென்றிருந்தது. இத்தகைய வெற்றிகளில் எங்களுக்கு மகிழ்ச்சியில்லை. அந்த ஓமன் கோல் காவலனை நினைத்துக் கீப்பர் இரண்டு நாள் வருந்தினான். காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என்று சமநிலை, ஷூட் அவுட்டில் பிரின்ஸ்தீப் சிங் தடுத்த தடுப்புகளால் வெற்றி. ஹாக்கி ஷூட் அவுட் கால்பந்துப் பெனால்டியைப் போன்றதன்று. தாக்குபவனுக்கு எட்டு நொடி உண்டு, கோல் காவலன் ஓடிவந்து அவனை மறிக்கலாம், இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்ப்பார்கள். அந்த ஆட்டத்தைக் கீப்பர் கைப்பேசியில் நான்கு முறை பார்த்தானாம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று தோல்வி. ஆகவே நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாமிடத்துக்கான ஆட்டத்துக்கு.

உள்ளே நுழைந்ததும் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்தோம். பஞ்சாப், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மணிப்பூர். தமிழகத்துப் பையன் ஒருவனும் இல்லை. காங்கேயம் காளையைச் சின்னமாக வைத்து, மதுரையில் புதிதாக அரங்கம் கட்டி, இரண்டு நகரங்களில் உலகக் கோப்பையை நடத்திய மாநிலத்திலிருந்து பதினெட்டில் ஒருவன்கூட இல்லை என்பது உறுத்தத்தான் செய்தது. அந்த வயதுப் பையன்கள் கோவில்பட்டியிலும் அரியலூரிலும் இருந்திருப்பார்கள். எவனோ ஒருவன் ஒரு மாதம் பிந்திப் பிறந்திருந்தால், ஒரு மாதம் முந்திக் காயம் ஆறியிருந்தால் என்றெல்லாம் எங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் மோசமாகத் தொடங்கியது. மூன்றாம் நிமிடத்திலேயே அர்ஜென்டினா கோல் அடித்தது. நாற்பத்து நான்காம் நிமிடத்தில் இன்னொன்று. பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு கால் பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் மூன்று பகுதிகள் முடிந்தபோது 0-2. சுற்றிலும் பாதிப் பேர் எழுந்து தின்பண்டம் வாங்கப் போய்விட்டார்கள். கீப்பர் அசையவில்லை. அவன் ஆடுகளத்தைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். எதிர்ப்புறத்தில் அணிக்குப் பின்னால் கைகட்டி நின்ற ஸ்ரீஜேஷையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொன்பதாம் நிமிடத்தில் அங்கித் பால். ஐம்பத்திரண்டில் மன்மீத் சிங். அரங்கம் எழுந்துவிட்டது. ஐம்பத்தேழில் சாரதானந்த் திவாரி, ஐம்பத்தெட்டில் அன்மோல் எக்கா. பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இளையோர் உலகக் கோப்பையில் ஒரு பதக்கம். நாங்கள் ஆறு பேரும் என்ன கத்தினோம் என்று தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அடங்கி அமர்ந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு மாணவன் கீப்பரிடம், "அங்கிள், நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டான். கீப்பர் எங்களைக் கைகாட்டி, "இவங்க ஆடுவாங்க தம்பி. நான் கோலில நிப்பேன்" என்றான். எந்த டீம் என்றான் பையன். பண்ருட்டி என்றான் கீப்பர். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். பண்ருட்டிக்கு ஒரு ஹாக்கி அணி உண்டென்று அவன் நம்பிவிட்டான், அதைத் திருத்த எங்களில் யாருக்கும் மனமில்லை.

இறுதி ஆட்டத்தையும் இருந்து பார்த்தோம். ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1, ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3-2. அவர்களுக்கு இது எட்டாவது கோப்பை. எப்படித்தான் ஒவ்வொரு முறையும் புதுப் பையன்களை வைத்துக்கொண்டு அதே அணியை உண்டாக்குகிறார்களோ. பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டோம். எழும்பூரிலிருந்து மின்ரயிலில் வண்டலூர், அங்கிருந்து கிளாம்பாக்கம், கடைசிப் பேருந்துகளில் ஒன்று. பின் இருக்கையில் மூவர், அதற்கு முன்னால் இருவர். கீப்பரைக் காணோமே என்று எட்டிப் பார்த்தால், ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

எங்களில் ஒருவன் எழுந்துபோய் அவன் தோளைத் தட்டி, "இன்னாடா, இன்னமும் கோவமா?" என்று கேட்டான். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் கொட்டை அவிக்கப் போட வேண்டும், ஊர் வந்ததும் முதலில் இறங்கத்தான் முன்னால் உட்கார்ந்தேன் என்றான். திண்டிவனம் தாண்டியதும் தூங்கிப்போனோம். பண்ருட்டியில் நடத்துநர் எங்களை எழுப்பியபோது முன் இருக்கை காலியாக இருந்தது.